ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவே

கும்பகோணம் அரசினர் கல்லூரியில் 1904-ஆம் ஆண்டு எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்த ஒரு பையனுக்கு சுப்ரமணியம் உதவித்தொகை கிடைத்தது. ஆங்கிலத்திலும் கணக்கிலும் தேறிய பிள்ளைகளுக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் தொகை அது. மேல்வகுப்புக்குப் போவதற்குள் பறிபோயிற்று. ஆங்கிலக் கட்டுரைத் தாளில் பையன் தவறிவிட்டான். அம்மா கோமளத்தம்மாள் கல்லூரி முதல்வரிடமே போய் வாதாடிப் பார்த்தும் நடக்கவில்லை. 1905-இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போனது, பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேற முடியாமல் போனது எல்லாம் சீனிவாச ராமானுஜனின் வரலாற்றைப் படித்தவர்களுக்குத் தெரிந்த கதைதான்.

அதே காவிரிக் கரைக் கல்லூரியில் அவருக்கு முன்னால், 1880-களில் படித்துப் பட்டம் வாங்கியவர் வலங்கைமான் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. வெள்ளி நாக்குப் பேச்சாளர் என்று ஆங்கிலேயர்களே கொண்டாடிய மனிதர். 1922-இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று சுற்றி, அங்கே குடியேறிய இந்தியர்களின் உரிமைக்காக ஆங்கிலத்தில் பேசினார். ஒரே கல்லூரி, ஒருவரை ஆங்கிலம் கடல் கடத்திக் கூட்டிப்போனது, இன்னொருவரை வாசலிலேயே நிறுத்திவிட்டது.

ராமானுஜனின் தோல்வி என்றதும் தேர்வு முறையைத் திட்டுவது நம் வழக்கம். தாராளமாகத் திட்டலாம். ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. கணக்கில் விடை சரி, இல்லையென்றால் தப்பு. கட்டுரையில் ஒருவருக்கு முப்பதும் இன்னொருவருக்கு நாற்பதும் எதை வைத்துப் போடுகிறார்கள்? பேச்சுக்கு எப்படிப் போடுகிறார்கள்? காவிரி டெல்டாவில் இன்றைக்கு இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் நர்சிங் முடித்த பெண்கள். மன்னார்குடி, பட்டுக்கோட்டை, திருவாரூர்ப் பக்கத்திலிருந்து பிரிட்டனுக்கோ அயர்லாந்துக்கோ போக விண்ணப்பிப்பவர்கள், தஞ்சாவூரில் ஏதாவது ஒரு கோச்சிங் சென்டரில் மாலை வகுப்புக்குப் போகிறார்கள். அவர்கள் வாயில் அடிக்கடி வரும் சொல் ‘பேண்ட்’. ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் மதிப்பெண் கிடையாது, பேண்ட்தான். பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை, அரை அரையாக ஏறும்.

அந்த அரை என்ன செய்யும் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு நர்ஸ் கேட்டலில் 8, வாசிப்பில் 7.5, பேச்சில் 7, எழுத்தில் 6 வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நான்கின் சராசரி 7.125, முழுமையாக்கினால் 7. நல்ல பேண்ட். ஆனால் பிரிட்டனின் நர்சிங் பதிவுக் கவுன்சில் எழுத்தில் 6.5 கேட்கிறது, மற்ற மூன்றிலும் 7. 2018 கடைசி வரை எழுத்திலும் 7 கேட்டது. அதை எட்ட முடியாமல் நின்றவர்கள் ஏராளம் என்பதால்தான் அரை குறைத்தார்கள். நம் நர்ஸுக்கு மொத்தம் 7 இருந்தும் கதவு திறக்காது. எழுத்தில் அரை பேண்ட் குறை.

கேட்டலும் வாசிப்பும் தலைவலி இல்லாதவை. தலா நாற்பது கேள்வி, விடைப்பட்டியல் இருக்கிறது, யார் திருத்தினாலும் ஒன்றுதான். எழுத்தும் பேச்சும் அப்படி இல்லை. நெல் கொள்முதல் நிலையத்தில் நிற்கும் விவசாயிக்கு இந்த வித்தியாசம் சட்டென்று புரியும். ஈரப்பதம் 17 சதவீதமா என்பதை மீட்டர் சொல்லிவிடும். அதில் சண்டைக்கு இடமில்லை. கருக்காய் எவ்வளவு, நிறம் மாறிய நெல் எவ்வளவு என்பதை ஆள்தான் கையில் அள்ளிப் பார்த்துச் சொல்கிறார். சண்டை எல்லாம் அங்கேதான். மொழித் தேர்வுக்காரர்கள் ஒரு நூற்றாண்டாகச் செய்துவருவது, அள்ளிப் பார்க்கும் அந்தக் கையை எப்படி நம்பகமாக்குவது என்ற வேலை.

பிறமொழிக்காரர்களுக்கான ஆங்கிலத் தேர்வைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் முதன்முதலில் நடத்திய ஆண்டு 1913. அதே ஆண்டு ஜனவரியில்தான் சென்னைத் துறைமுகக் குமாஸ்தா ஒருவரின் கடிதம் கேம்பிரிட்ஜில் கணிதவியலாளர் ஹார்டியின் கைக்குப் போகிறது. அந்தக் கடிதத்தின் கணக்கு முழுக்க ராமானுஜனுடையது. ஆங்கிலத்தில் நண்பர்களின் கை இருந்திருக்கும் என்று ஹார்டியே கருதினார். ஹார்டி கடிதத்துக்கு மதிப்பெண் போடவில்லை, நல்ல வேளை. பல்கலைக்கழகத்தின் அந்தத் தேர்வு பன்னிரண்டு மணி நேரம் நீண்டது: மொழிபெயர்ப்பு, கட்டுரை, ஒலியியல், உரக்க வாசித்தல், உரையாடல். எழுதியவர்கள் மூன்றே பேர். மூவரும் ஃபெயில்.

கட்டுரையை முழுதாகப் படித்து, மனதில் பட்ட எண்ணைப் போடுவதுதான் அன்றைய முறை. அது எவ்வளவு ஆட்டம் காணும் என்று 1961-இல் அமெரிக்காவில் மூன்று பேர் அளந்து காட்டினார்கள். பால் டீடெரிக் தலைமையிலான அந்த ஆய்வில் கல்லூரி முதலாண்டு மாணவர்களின் 300 கட்டுரைகள். படித்தவர்கள் ஆறு வெவ்வேறு துறைகளைச் சேர்ந்த 53 பேர். ஒன்பது தரங்களில் ஒன்றைப் போடச் சொன்னார்கள். வேறு எந்த விதியும் சொல்லவில்லை. 94 சதவீதக் கட்டுரைகளுக்குக் குறைந்தது ஏழு வெவ்வேறு தரங்கள் விழுந்தன. ஏறத்தாழ மூன்றில் ஒன்றுக்கு ஒன்பது தரமும் கிடைத்தது. அதாவது ஒரே தாளை ஒருவர் பிரமாதம் என்றார், ஒருவர் குப்பை என்றார், நடுவில் இருந்த எல்லாப் படியிலும் யாரோ ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐந்துக்கும் குறைவான வெவ்வேறு தரங்கள் விழுந்த கட்டுரை ஒன்றுகூட இல்லை.

அவர்கள் அதோடு நிற்கவில்லை என்பதுதான் விஷயம். யார் யாரோடு ஒத்துப்போகிறார் என்று புள்ளியியல் வழியாகப் பிரித்துப் பார்த்தபோது குழப்பத்துக்குள் ஓர் ஒழுங்கு தெரிந்தது. ஒரு கூட்டம் கருத்தை மட்டுமே பார்த்தது. இன்னொன்று ஒழுங்கமைப்பை. மூன்றாவது எழுத்துப்பிழை, நிறுத்தற்குறியை. நான்காவது சொல்லாட்சியை. ஐந்தாவது எழுதுபவரின் குரலை. ஒவ்வொருவரும் வெவ்வேறு பொருளை அளந்துவிட்டு எல்லாவற்றுக்கும் ‘மதிப்பெண்’ என்று ஒரே பெயர் வைத்திருந்தார்கள். அப்படியானால் பொருளைத் தனித்தனியே பிரித்துக் கொடுத்து, இதை இதை இப்படிப் பார் என்று எழுதிக் கையில் கொடுத்துவிட்டால்? இன்றைய பேண்ட் அட்டவணையின் பின்னால் இருப்பது இந்த யோசனைதான்.

ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தேர்வில் இரண்டு வேலை. முதலாவது 150 சொல், இருபது நிமிஷம். இரண்டாவது 250 சொல், நாற்பது நிமிஷம். இரண்டாவதற்கு இரட்டிப்பு மதிப்பு. ஒவ்வொன்றையும் நான்கு கண்ணால் பார்க்கிறார்கள்: கேட்டதைச் செய்தாயா, கோர்வையாகப் போகிறதா, சொல்வளம் எப்படி, இலக்கணம் எப்படி. நான்குக்கும் சம எடை. பேச்சிலும் நான்கு: சரளமும் கோர்வையும், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு பேண்டுக்கும் இரண்டு மூன்று வரி விளக்கம். இந்த அட்டவணைகள் ரகசியம் இல்லை. யாரும் இறக்கிப் படிக்கலாம். கோச்சிங்குக்கு ஆயிரக்கணக்கில் கட்டியவர்களில் எத்தனை பேர் அதைப் படித்திருக்கிறார்கள் என்று கேட்டால் சங்கடமாகிவிடும்.

படித்தால் ஒன்று புலப்படும். வரிக்கு வரி அந்த விளக்கங்கள் பேசுவது எழுதுபவரைப் பற்றி அல்ல, படிப்பவரைப் பற்றி. ஒன்பதாவது பேண்டில் செய்தியைச் சிரமமே இல்லாமல் பின்தொடர முடிகிறது. ஐந்தாவது பேண்டில் பிழைகள் வாசகருக்குக் கொஞ்சம் சிரமம் தருகின்றன. அதற்கும் கீழே போனால் பிழைகள் பொருளையே மறைக்கின்றன. உச்சரிப்பிலும் இதே பேச்சு: ஆறில் பெரும்பாலும் அதிகச் சிரமம் இல்லாமல் புரிகிறது, எட்டில் உச்சரிப்புப் பாணி புரிதலைத் தொடுவதே குறைவு. தேர்வாளர் அளப்பது தனக்கு ஏற்பட்ட சிரமத்தை. நம் பிள்ளைகள் அவரை அசத்தப் பார்க்கிறார்கள்; அவர் அயராமல் இருந்தாலே போதும் என்கிறார்.

முதல் வேலையை எடுத்துக்கொள்வோம். ஒரு வரைபடம் தருவார்கள். குறுவை, சம்பா, தாளடி மூன்றின் சாகுபடிப் பரப்பு பத்து வருஷத்தில் எப்படி மாறியது என்று மூன்று கோடுகள் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு மாணவி முதல் வருஷத்தில் குறுவை இவ்வளவு, சம்பா இவ்வளவு, தாளடி இவ்வளவு என்று தொடங்கி ஒரு எண்ணையும் விடாமல் ஒப்பிக்கிறாள். இலக்கணம் சுத்தம். எண்கள் சரி. அவளுக்கு அந்தக் கட்டத்தில் ஐந்துதான் கிடைக்கும். இன்னொருத்தி இரண்டு வாக்கியம் கூடுதலாக எழுதுகிறாள்: பத்து வருஷமும் சம்பாதான் மேலே இருந்தது, குறுவை மட்டும் தண்ணீர் வந்த வருஷம் ஏறி, வராத வருஷம் விழுந்து ஆடிக்கொண்டே இருந்தது. இதற்குத்தான் ஆங்கிலத்தில் ஓவர்வியூ என்கிறார்கள். தெளிவான ஓவர்வியூ இருந்தால் ஏழுக்கு வழி. இல்லாவிட்டால், எண் எல்லாம் இருந்தும் ஐந்து. படம் பார்க்காத ஒருவருக்குப் படத்தைச் சொல்வது வேலை. எண்ணை மட்டும் கொட்டினால் கோடு போடும் வேலை அவர் தலையில் விழுகிறது.

இரண்டாவது வேலை கருத்துக் கட்டுரை. கிராமத்து இளைஞர்கள் நகரத்துக்குப் போவது நல்லதுதான் என்கிறார்கள், நீங்கள் எந்த அளவுக்கு ஒத்துக்கொள்கிறீர்கள் என்பது போலக் கேள்வி. முன்னுரை, பொருளுரை, முடிவுரை, நடுவில் ஒரு மேற்கோள் என்று பத்து வருஷம் பழகிய கை, இங்கே தடுமாறுகிறது. நன்மைகளுக்கு ஒரு பத்தி, தீமைகளுக்கு ஒரு பத்தி, நாணயத்துக்கு இரு பக்கம் உண்டு என்று ஒரு முடிவு. கேட்டதோ ‘நீங்கள்’ என்ன நினைக்கிறீர்கள் என்று. முதல் வரியிலிருந்து கடைசி வரை எழுதுபவரின் நிலை என்னவென்று தெரிய வேண்டும் என்பதை ஏழாவது பேண்ட் கேட்கிறது. பள்ளிக்கூடத்தில் யாரும் நம்மிடம் நிலை கேட்டதில்லை. இது ஆங்கிலக் குறையே இல்லை. ஆனால் ஆங்கில பேண்டில் வெட்டு விழுகிறது.

கோர்வை விஷயத்தில் கோச்சிங் சென்டர்கள் செய்யும் சேதம் தனி. மோர்ஓவர், ஃபர்தர்மோர், இன் அடிஷன் என்று ஒரு பட்டியல் கொடுத்து வாக்கியத்துக்கு ஒன்றாக ஒட்டச் சொல்கிறார்கள். இணைப்புச் சொற்களை இயந்திரம் போலவோ அளவுக்கு மீறியோ போட்டால் ஐந்து, ஆறு பக்கமே நிற்க வேண்டியதுதான் என்று அட்டவணை சொல்கிறது; ஒன்பதில் கோர்வை கண்ணில் படுவதே அரிது. சொல்வளமும் அப்படி. ‘மெனி’ என்று போகிற இடத்தில் ‘ப்ளெதோரா’ என்று போட்டால் பேண்ட் ஏறும் என்ற நம்பிக்கை தஞ்சாவூரில் மட்டும் இல்லை, உலகம் முழுவதும் இருக்கிறது. தேர்வாளர் கவனிப்பது எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து நிற்கிறது என்பதை. மழைக்கு ‘ஹெவி’ சேரும், காற்றுக்கு ‘ஸ்ட்ராங்’ சேரும். மாற்றிப் போட்டால் புரியும், ஆனால் உறுத்தும். இலக்கணத்தில் ஏழு என்பது பிழையில்லாத வாக்கியங்கள் அடிக்கடி வருவது. எட்டு, பெரும்பாலான வாக்கியங்கள் பிழையில்லாமல் இருப்பது. ‘தி’யை ஓரிடத்தில் விட்டதற்காக யாரும் தூக்கில் போடுவதில்லை. நீளமான வாக்கியத்துக்கு ஆசைப்பட்டு நடுவில் வினையைத் தொலைப்பதுதான் ஆபத்து.

பேச்சுத் தேர்வு பதினொன்றிலிருந்து பதினாலு நிமிஷம். எதிரே ஒரு தேர்வாளர், மேசையில் ஒலிப்பதிவுக் கருவி. முதலில் ஊர், வீடு, வேலை பற்றிச் சின்னக் கேள்விகள். பிறகு ஓர் அட்டை. ஒரு நிமிஷம் யோசித்து, பென்சிலால் குறிப்பு எடுத்துக்கொண்டு, இரண்டு நிமிஷம் வரை பேச வேண்டும். கடைசியாக அதையொட்டிய விவாதம். தேர்வாளர் சிரிக்கவில்லை, பாதியில் நிறுத்திவிட்டார் என்று வெளியே வந்து அழும் பெண்கள் உண்டு. அவர் சிரிக்காததற்குக் காரணம் உண்டு. பழைய முறையில் தேர்வாளர் விருப்பப்படி பேச்சை வளர்க்கலாம். அன்னி பிரவுன் என்ற ஆய்வாளர் ஒரே பெண்ணை இரண்டு தேர்வாளர்கள் பேட்டி கண்ட பதிவுகளை எடுத்துப் பலரிடம் மதிப்பிடக் கொடுத்தார். ஒருவர் அவள் சொன்னதைத் திருப்பிச் சொல்லி, மேலும் சொல் என்று தெளிவாகத் தூண்டினார். இன்னொருவர் கேள்வி போலவே இல்லாத வாக்கியங்களைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். முதல் பேட்டியில் அவள் நன்றாகப் பேசுகிறவள், இரண்டாவதில் வாய் திறக்காதவள். 2003-இல் வெளியான ஆய்வு அது. 2001-லேயே ஐஇஎல்டிஎஸ் முறையை மாற்றி, தேர்வாளர் என்ன சொல்ல வேண்டும் என்பதை எழுதிக் கொடுத்துவிட்டது. அவர் படிப்பது பெரும்பாலும் வசனம். நேரம் முடிந்தால் நிறுத்துவதும் வசனத்தில் உண்டு.

சரளம் என்றால் வேகம் என்று எடுத்துக்கொண்டு நம்மவர்கள் மூச்சு விடாமல் ஓடுகிறார்கள். தேர்வாளர் காதில் விழுவது நிறுத்தங்கள், அதுவும் எங்கே நிறுத்துகிறார்கள் என்பது. என்ன சொல்லலாம் என்று யோசிக்க நிற்பது ஒன்று. ஆங்கிலச் சொல்லைத் தேடி நிற்பது வேறு. மேல் பேண்டுகள் முதல் வகையை மன்னிக்கின்றன. தாய்மொழிக்காரர்களும் நிற்பார்கள், பெரும்பாலும் வாக்கியத் துண்டு முடிகிற இடத்தில். மொழி கற்பவர் துண்டின் நடுவில் நிற்கிறார். தமிழரின் சங்கடத்துக்கு இதில் ஓர் இலக்கணக் காரணமும் இருப்பதாக எனக்குப் படுகிறது. ‘போன வருஷம் கல்லணையில் பார்த்த வெள்ளம்’ என்று நாம் அடைமொழியை எல்லாம் முன்னால் அடுக்கிப் பெயரைக் கடைசியில் வைப்போம். வாக்கியத்தின் வினையும் கடைசியில்தான். ஆங்கிலம் வெள்ளத்தை முதலில் வைத்துவிட்டு மற்றதைப் பின்னால் தொங்கவிடும். தமிழில் யோசித்துப் பெயர்த்துப் பேசுகிறவர், வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்டும் வரை நடுவில் நிற்கத்தான் வேண்டும். ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தார்கள், தண்ணீர் கல்லணைக்கு வந்தது, எங்கள் தாத்தா போய்ப் பார்த்தார் என்று சின்னச் சின்னதாகச் சொல்லிக்கொண்டு போகிறவர், மனப்பாடம் செய்த ஆற்று வர்ணனையைக் கொட்டுகிறவரைவிட நன்றாகவே தேறுவார். மனப்பாடத்தைக் கண்டுபிடிப்பது தேர்வாளர்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லித்தரும் சங்கதி. ஒப்பிக்கும்போது குரல் மட்டமாகிவிடும், கேள்வியை ஒரு சுற்று மாற்றினால் ஆள் காணாமல் போய்விடுவார்.

உச்சரிப்பில் நமக்கு இருக்கும் பயம் வேறெங்கோ இருக்கிறது. பிபிசி மாதிரிப் பேச வேண்டும் என்று நினைத்து நாக்கைச் சுழற்றுகிறார்கள். தமிழ் வாடை இருப்பதற்கு அட்டவணையில் தண்டனை இல்லை. புரியாமல் போனால் உண்டு. ‘எக்ஸாம்’ நம் வாயில் ‘யெக்ஸாம்’ ஆவதும், ‘ஒன்லி’ ‘வொன்லி’ ஆவதும், சொல் கடைசியில் ஓர் உகரம் தொங்குவதும் கேட்பவருக்குச் சீக்கிரம் பழகிவிடும். அழுத்தம் தவறுவதுதான் புரிதலைக் கெடுக்கிறது. ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் அழுத்தம் முதல் அசையில். ‘ஃபோட்டோகிராஃபர்’ என்றதும் அது இரண்டாவதற்குத் தாவிவிடும். ‘டெவலப்’, ‘ஹோட்டல்’ இரண்டிலும் இரண்டாவது அசை கனக்க வேண்டும். நம் வாய் எல்லா அசைக்கும் ஏறக்குறைய சம பங்கு கொடுக்கும், முதலாவதற்குக் கொஞ்சம் கூட. ஆங்கிலம் கேட்டுப் பழகிய காது, சொல்லை அழுத்தத்தை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. சாஸ்திரியின் ஆங்கிலத்தைக் கேட்டு ஆங்கிலேயர் அசந்ததில் இலக்கணத்துக்கு ஒரு பங்கு, காதுக்குச் சிரமம் இல்லாமல் போனதற்கு ஒரு பங்கு என்றுதான் நினைக்கிறேன்.

இவ்வளவு விதி எழுதியும் கை கைதான். நல்ல கையெழுத்தோ நல்ல குரலோ முதலில் மனதைக் கவர்ந்துவிட்டால் மற்றக் கட்டங்களிலும் அரை அரையாக ஏறிவிடும். உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1920-இலேயே ராணுவ அதிகாரிகளின் மதிப்பீடுகளில் கண்டு சொன்ன கோளாறு இது. தாராளமான தேர்வாளரும் உண்டு, கஞ்சத் தேர்வாளரும் உண்டு. பயிற்சி கொடுத்தால் எல்லோரும் ஒரே மாதிரி ஆகிவிடுவார்கள் என்று நம்பியிருந்ததை மொழித் தேர்வு ஆய்வாளர்கள் லம்லியும் மெக்நமாராவும் 1995-இல் உடைத்தார்கள். பயிற்சி ஒருவரைத் தன்னோடு தான் முரண்படாமல் இருக்கச் செய்கிறது. கஞ்சரைத் தாராளக்காரர் ஆக்குவதில்லை. கஞ்சர் எப்போதும் ஒரே அளவு கஞ்சமாக இருந்தால் அந்த அளவைக் கணக்குப்போட்டுக் கழித்துவிடலாம். டென்மார்க்கின் கணிதவியலாளர் கியோர்க் ராஷ் 1960-இல் வகுத்த மாதிரியை விரித்து, தேர்வாளரின் கடுமையையும் ஓர் அளவாகவே சமன்பாட்டில் போட்டுவிட்டார்கள்.

ஐஇஎல்டிஎஸ் பெரும்பாலும் வேறு வழியில் போகிறது: தேர்வாளர்களுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மறுசான்று, மதிப்பெண்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் நின்றால் இரண்டாம் முறை திருத்தம். சான்றிதழில் மட்டும் இன்னும் ஒரு கஞ்சத்தனம். எழுத்து 6 என்று இருக்கும். நான்கு கட்டத்தில் எதில் சறுக்கியது என்று இருக்காது. அந்த விஷயத்தில் 1905-க்கும் இன்றைக்கும் பெரிய முன்னேற்றம் இல்லை. ஆறு வாரத்துக்குள் மறுமதிப்பீடு கேட்கலாம், பேண்ட் ஏறினால் கட்டிய பணம் திரும்ப வரும். மற்ற மூன்றிலும் ஏழரை வாங்கி எழுத்தில் மட்டும் அரை குறைந்தவர் கேட்டுப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. எல்லாவற்றிலும் ஆறு வாங்கியவர் பணத்தை மிச்சம் பிடிக்கலாம்.

கையே வேண்டாம், இயந்திரத்திடம் கொடுத்துவிடுவோம் என்று போனவர்களின் கதையும் சுவாரசியமானது. எல்லிஸ் பேஜ் 1966-லேயே கணினியைக் கட்டுரை திருத்த வைத்தார். இன்று டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வில் மனிதரும் இயந்திரமும் சேர்ந்து திருத்துகிறார்கள். 2009-இல் வந்த பி.டி.இ. என்ற இன்னோர் ஆங்கிலத் தேர்வு இயந்திரத் திருத்தத்தையே தன் அடையாளமாக வைத்துக்கொண்டது. இயந்திரத்துக்குச் சாயங்காலம் அலுப்பு வராது, கஞ்சத்தனம் மாறாது. ஆனால் அதற்குச் சிரமமும் ஏற்படாது. சொல்லின் சராசரி நீளம், அரிய சொற்கள், பிழை விகிதம், பேச்சில் வேகம், நிறுத்தத்தின் நீளம் என்று எண்ண முடிந்ததை எண்ணி, மனிதர் போடுவதைக் கணிக்கிறது. எம்.ஐ.டி.யின் லெஸ் பெரல்மன் 2014-இல் மாணவர்களோடு சேர்ந்து ஒரு நிரலி செய்தார். மூன்று சொல் கொடுத்தால் போதும், பெரிய பெரிய வார்த்தைகளில் அர்த்தமே இல்லாத ஒரு கட்டுரை தயார். இயந்திரத் திருத்திகள் அதற்கு உயர்ந்த மதிப்பெண் போட்டன. மறுபக்கம், 2017-இல் ஆஸ்திரேலியாவில் அயர்லாந்து நாட்டுக் கால்நடை மருத்துவர் ஒருவர், ஆங்கிலமே தாய்மொழி, பி.டி.இ. பேச்சில் 79 தேவைப்பட்ட இடத்தில் 74 வாங்கினார். தேர்வு நிறுவனம் தன் இயந்திரத்தில் குறையில்லை என்றது. ‘ப்ளெதோரா’ கட்சிக்காரர்களுக்கு முதல் செய்தி ஒருவகையில் ஆறுதல்தான்.

நர்சுகளுக்கு வேறொரு வாசலும் உண்டு. ஓ.இ.டி., மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு. 1980-களின் பிற்பகுதியில் ஆஸ்திரேலியாவில் டிம் மெக்நமாரா உருவாக்கிய வடிவத்திலிருந்து வளர்ந்தது. பிரிட்டன் 2017-லிருந்து ஏற்றுக்கொள்கிறது. மற்ற மூன்றில் ‘பி’, எழுத்தில் ‘சி பிளஸ்’ போதும். பேச்சுத் தேர்வில் இரண்டு நாடகம்: எதிரே இருப்பவர் நோயாளியாகவோ உறவினராகவோ நடிப்பார், நர்ஸ் நர்ஸாகவே இருக்க வேண்டும். நடிப்பவர் மதிப்பெண் போடுவதில்லை. ஒலிப்பதிவை வேறு இரண்டு பேர் தனித்தனியே கேட்டுப் போடுகிறார்கள். வெகுநாள் அவர்கள் மொழியை மட்டும் பார்த்தார்கள். டாக்டர்களையும் நர்சுகளையும் உட்காரவைத்து, நல்ல உரையாடல் என்று எதைச் சொல்வீர்கள் என்று மெல்போர்ன் ஆய்வாளர்கள் கேட்டபோது அவர்கள் இலக்கணத்தைப் பற்றிப் பேசவே இல்லை என்று சொல்லலாம். நோயாளி சொல்வதைக் காதில் வாங்கினாளா, அவர் பயத்தைக் கேட்டாளா, புரிந்ததா என்று சரிபார்த்தாளா என்றார்கள். இவையும் இப்போது தேர்வின் கட்டங்களாக இருக்கின்றன.

எழுத்தில் வேலை ஒரு கடிதம். ஒரு நோயாளியின் குறிப்புகளைக் கொடுப்பார்கள்: வயது, வீட்டு நிலை, பழைய வியாதிகள், மருந்துகள், நாள்வாரியாக நடந்தவை. அவரை அடுத்துப் பார்க்கப்போகும் டாக்டருக்கோ நர்ஸுக்கோ எழுத வேண்டும். ஆறு கட்டத்தில் முதலாவது, எதற்காக எழுதுகிறாய் என்பது உடனே தெரிகிறதா. இன்னொன்று, தேவையில்லாததை விட்டாயா. குறிப்பில் இருக்கும் எல்லாவற்றையும் கடிதத்தில் ஏற்றுகிறவருக்கு நம் ஊர்ப் பள்ளியில் முழு மதிப்பெண், இங்கே வெட்டு. காலுக்குக் கட்டுப் போட வருகிற சர்க்கரை நோயாளிக்குப் பத்து வருஷம் முன்னால் குடல்வால் எடுத்த கதை அடுத்த நர்ஸுக்கு வேண்டாம்; நேற்றைய சர்க்கரை அளவும், வீட்டில் தனியாக இருக்கிறார் என்பதும் வேண்டும்.

தஞ்சாவூரில் எந்த வார்டிலும் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் பாருங்கள். நைட் டியூட்டிக்கு வரும் நர்ஸிடம் பகல் நர்ஸ் கட்டில் கட்டிலாக ஹேண்ட்ஓவர் கொடுப்பார். ஆறாம் பெட்டுக்கு ராத்திரி ரெண்டு தடவை சுகர் பாக்கணும், ஒன்பதாம் பெட் அம்மா ஊசின்னா பயப்படுவாங்க, மெதுவா சொல்லிட்டுப் போடுங்க. எது வேண்டும், எது வேண்டாம், எது முதலில் என்பதில் ஒரு பிசகு இருக்காது. அதே பெண் சாயங்காலம் வகுப்புக்கு வந்து, முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய மாதிரிக் கடிதத்தின் முதல் பத்தியை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார்.